வாங்காமல் போன உருப்படிகள்

ஜஹ்ராவில் அன்று சரியாக விடியவில்லை.
எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகையில்
பகல் பதினொரு மணியும் விளக்குக் கேட்டது.
மின்சாரம் செத்து நாலு நாள்.
ஓடாத இயந்திரங்கள் மூன்றுக்கும்
வராத முதலாளி ஒருவருக்கும்
நான் காவல்.

ஆகஸ்டில் ஓடிப்போனவர்கள்
வாங்காமல் விட்ட உருப்படிகள் நானூற்றுச் சொச்சம்
தேய்த்து மடித்தபடி அலமாரியில்.
ஒவ்வொரு கழுத்துப்பட்டியின் உட்புறமும்
அழியாத மசியில், என் கையெழுத்தில், ஓர் எண்.

நடுராத்திரிக்குமேல் தெரு நடக்கத் தொடங்கியது.
முதலில் லாரிகள், பிறகு திருடிய கார்கள்,
பிறகு பெட்ரோல் தீர்ந்த கார்களிலிருந்து இறங்கியவர்கள்.
ஏழு மாதம் முன்னால் இதே தெருவில்
இடது வலது என்று வந்த பூட்ஸ்கள்
இப்போது ஆளுக்கொரு தாளம்.
ஒருவன் கால் இரண்டிலும் திரைச்சீலை சுற்றியிருந்தான்,
பூப்போட்ட திரைச்சீலை.
ஒருவன் தோளில் துப்பாக்கி இல்லை,
சரவிளக்கு இருந்தது.
கிணுகிணுத்துக்கொண்டே போனான்
கோயில் மாடு மாதிரி.

முத்லா மேட்டுப் பக்கம் வானம் உறுமிக்கொண்டிருந்தது.
அதை நோக்கித்தான் எல்லோரும் நடந்தார்கள்.
வேறு சாலை இல்லை.

ரொட்டிக்கடை மாடியிலிருந்து யாரோ சுட்டார்கள்.
இரண்டே முறை.
வரிசையின் வால் திரும்பி
பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் சுட்டது.
செத்தது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.
ஓட்டை வழியே ஒழுகிய நீருக்கடியில்
சுட்டவர்களே வாயைத் திறந்து நின்றார்கள்.
மாடியில் இருந்தவனும் பார்த்திருப்பான்.
மூன்றாவது முறை சுடவில்லை.

பின்கதவைத் தட்டியவன் பெயர் லஃப்தா.
அமாராவில் பூகோள வாத்தியார் என்றான்,
நான் கேட்கவில்லை.
"ஹிந்தி, ஒரு திஷ்தாஷா."
"சீட்டு இருக்கா?" என்றேன்.
பயத்தில் வாய் பழக்கத்தைத்தான் பேசும்.
அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான்,
உண்மையாகவே.
பிறகு இருவரும் சிரித்தோம்,
சத்தம் வராமல்.

341 கொடுத்தேன்.
உடுப்பைக் கழற்றி மடித்தே வைத்தான்.
பூட்ஸ் காட்டிக்கொடுக்குமே என்று
என் ரப்பர் செருப்பைப் பார்த்தான்.
ஒரு ஜோடிதான் இருந்தது.
நீளமானதாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்,
மறைக்கும், என்றேன்.
செருப்பைக் கொடுக்கவில்லை.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் கதவைத் தட்டவில்லை,
வரிசையில் நின்றார்கள்.
ஐந்து மணிக்குள் பதினாறு உருப்படி.
அதன்பிறகு ஒரு சார்ஜென்ட் வந்தான்,
ஓடுகிறவர்களைப் பிடிக்கிறவன்.
தரையில் கிடந்த உடுப்புகளைக்
காலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினான்.
பதினாறு என்று நோட்டில் எழுதி
என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான்.
போட்டேன்.
தனியாக, நடுரோட்டில், கை வீசி நடந்தான்
முன்னும் பின்னும் ஆள் இருப்பதுபோல.

மார்ச்சில் ஃபுஹைத் என்பவர் சீட்டோடு வந்தார்.
மகன் கல்யாணத்துக்குத் தைத்ததாம், 341.
இஸ்திரியில் கருகிவிட்டது என்றேன்.
சம்பளத்தில் ஆறு தினார் பிடித்தார்கள்.

மேட்டில் எரிந்த வண்டிகளைப் பார்க்க
ஊரே போனது, கேமராவோடு.
நானும் போனேன்.
வெள்ளைத் துணி கண்ட இடமெல்லாம் குனிந்து
கழுத்துப்பட்டியைப் புரட்டினேன்.
88 இருந்தது.
207 பாதி இருந்தது.
341 இல்லை.

பேரேட்டில் அந்த வரி மட்டும் திறந்தே கிடக்கிறது.
பட்டுவாடா என்ற கட்டத்தில்
டிக் போடப் பேனா எடுப்பேன்,
வைத்துவிடுவேன்.
இங்கிருந்து அமாரா எத்தனை கிலோமீட்டர்,
அதில் பூட்ஸோடு எத்தனை,
பூட்ஸ் இல்லாமல் எத்தனை,
பூகோளம் தெரிந்தவனைத்தான் கேட்க வேண்டும்.