அரை வெங்காயம்

"வெங்காயமாக்கா, இவ்வளவு பத்திரமா?"
என்றான் கண்டக்டர். ஆமென்றேன்.
நுவரெலியாவிலிருந்து ராகலை வரை
ஐந்து கிழங்குகளும் என் மடியில்
ஒவ்வொரு வளைவுக்கும் உருண்டு உரசி வந்தன.
காய்ந்த தோல். அடியில் நரைத்த தாடியாய் வேர்.
ஒன்று முந்நூற்றைம்பது.
வீட்டில் நூறென்று சொல்ல வேண்டும்.

நர்சரிக்காரன் சொன்ன நீளப் பெயர்
பஸ் ஏறுமுன்னே மறந்துபோனது.
மற்றதெல்லாம் மறக்கவில்லை:
கழுத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும்,
எரு கிழங்கில் படக்கூடாது,
தண்ணீர் தேங்கினால் அழுகும்,
மழை விட்டதும் ஊற்றுவதை நிறுத்து,
மாசியில் தானாக முளைக்கும்.
அந்தத் 'தானாக'வுக்குத்தான் காசு கொடுத்தேன்.
எங்கள் பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய் வருவதற்கே
பதினொரு மனு எழுத வேண்டியிருந்தது.

ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சியது
கதவுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் இடம்.
அதைத் தோட்டம் என்று சொல்ல நாக்கு கூசியது.
எங்களுக்குத் தோட்டம் என்றால்
விடியற்காலைப் பெரட்டு, தராசு, துரை.
"தோட்டத்துக்குப் போறேன்" என்று நான் சொன்னால்
யாருக்கும் பூ ஞாபகம் வராது.
ஆனாலும் கொத்தினேன்.
கானில் படிந்த மணலை அள்ளிக் கலந்தேன்.
செங்கல் துண்டுகளை அடியில் போட்டேன்.

ஞாயிறு நடலாமென்று
கிழங்குகளை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டுக்
கொழுந்துக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது
லோகேஸ் ரொட்டிக்குச் சம்பல் இடிக்க உட்கார்ந்திருந்தான்,
பலகை, கத்தி, காய்ந்த மிளகாய் சகிதம்.
"செத்த வெங்காயம்டி இது.
வெட்ட வெட்டக் கண்ணே எரியல."
சொல்லிக்கொண்டே ஒரு துணுக்கை நாக்கில் வைத்தான்.
அப்புறம் துப்பிக்கொண்டே குழாயடிக்கு ஓடினான்.

அவனுக்கு எரியாத கண் எனக்கு எரிந்தது.
"முந்நூத்தம்பது போச்சே" என்று கத்தினேன்.
வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவன்
கொப்பளிப்பதை நிறுத்தினான்.
"நூறுன்னு சொன்ன?"

அன்று இரவு ரொட்டியை வெறும் சீனியோடு தின்றோம்.
பேச்சில்லை.
படுக்கப் போனவன் எழுந்து வந்து
இரண்டு பாதிகளையும் விளக்கருகே புரட்டிப் பார்த்தான்.
கந்தப்பொளையில் மரக்கறித் தோட்டத்தில்
நான்கு வருஷம் கூலிக்கு நின்றவன்.
"ரெண்டுலயும் அடி இருக்கு" என்றான்.
விதைக் கிழங்கு வெட்டினால் செய்வதுபோல
வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைப் பூசினான்,
காயத்துக்கு மருந்து போடும் நிதானத்தில்.
கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை போடும்
அரைப்பேர்போல, இரண்டு அரைக் கிழங்கு.
சுவரோரம் தனியாகப் புதைத்தோம்.

முழுசாக இருந்த நான்கில்
ஒன்றைக் கார்த்திகை மழை அழுக்கியது.
ஒன்றைத் திலகராணி வீட்டு நாய்
எலும்பென்று நினைத்துத் தோண்டி
ஏமாந்து போட்டுவிட்டுப் போனது.
தை மாதம் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த காலைகளில்
மற்றவற்றை உரச்சாக்கால் மூடி வைத்தேன்.
சாக்கில் பனி மொறுமொறுத்தது.
ஒன்று இலையோடு நின்றுவிட்டது, அதற்கு அவசரமில்லை.

மாசி கடைசியில்
இலையே இல்லாமல் ஒரு தண்டு.
கட்டைவிரல் பருமன், உள்ளே குழல்.
ஒரு வாரம் உதடு மூடி நின்றது.
பிறகு நான்கு திசைக்கும் நான்கு பூ,
நல்ல மிளகாய்ச் சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு.
ஒன்பது நாள்.
பெரட்டுக்குப் போகிறவர்கள் நின்று
"என்ன பூ?" என்று கேட்டார்கள்.
"லோகேஸ் வெங்காயம்" என்றேன்.
அவன் உள்ளேயிருந்து செருமினான்.

பத்தாம் நாள்
சுவரோரத்து மண்ணை விரலால் விலக்கினேன்,
அழுகியிருக்கும் என்று நினைத்துத்தான்.
வெட்டின பக்கத்தில், தோல் இடுக்கில்,
பட்டாணி அளவில் மூன்று.
மறு பாதியில் இரண்டு. வெளுப்பாக, ஈரமாக.
பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகலாம்.

லோகேஸ் குந்தி உட்கார்ந்து எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
"ஒன்னு முந்நூத்தம்பதுன்னா…" என்று
விரல் மடக்கத் தொடங்கினான்.

"நூறு" என்றேன்.
மண்ணை மூடினேன்.