கரையுமட்டும்

கொட்பே ஐஸ் ஆலையில்
முதல் லொறி போய் அடுத்தது வருமுன்
பத்து நிமிடம் எங்களுடையது.
ஈரச் சிமெந்துத் தரை,
கோலுக்கு இரண்டு மீன்பெட்டி,
மட்டைக்கு முறிந்த துடுப்பு.
பந்து,
பாளத்திலிருந்து தெறித்த ஒரு ஐஸ் துண்டு.

ரம்சீன் வருகிறான்.
நான்தான் கடைசி ஆள். எனக்குப் பின்னால்
குலேந்திரனும் அவனுடைய கொட்டாவியும்.

முதல் தரம் ஐஸைப் பார்த்தேன்.
அது இடப்பக்கம் போனது, நானும் போனேன்,
அவன் போகவில்லை.
கோல்.

அடுத்த தரம் பாய்ந்தேன்.
பாய்ந்தவனுக்குத் தரைதான் மிச்சம்:
முழங்கால் உரிய, சறுக்கிப்போய்
உப்பு மூட்டையில் நின்றேன்.
றைவர் சிசிர சிங்களத்தில் சிரித்தான்.

மூன்றாம் தரம்
அவன் நெஞ்சை மட்டும் பார்த்தேன்,
பனியனில் இருந்த பொத்தலை.
கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
துடுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.
பொத்தல் போகும் பக்கம்தான் ஆள் போகும்.
ஒரு அடி பின்னால். இன்னொரு அடி.
சுவரோரம் கொஞ்சம் வழி விட்டு,
வேணுமெண்டால் இதால போ.

ஆட்டினான். நிறுத்தினான். திரும்பவும் ஆட்டினான்.
வெளியே கச்சான், உள்ளே அதன் வெக்கை.
அவன் துடுப்படியில் ஐஸ்
புளியங்கொட்டையளவாகி
பிறகு வெறும் நனைவாகியது.

ரம்சீன் குனிந்து தேடினான்.
"இது செல்லாது."
குலேந்திரன் கொட்டாவியை முடித்துக்கொண்டு
"கோலா?" என்றான்.

லொறி ஹோர்ன் அடித்தது.
நாளைக்குப் பெரிய துண்டாய் உடைப்பானாம்.