சாவி லமாராவிடம் இருக்கிறது

எனக்கு இந்த வீடு போதும்.
இதைக் கொள்கையாகச் சொல்லவில்லை,
செருப்பின் அளவைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

குத்தாயிசி. ரியோனி ஆறு காதில் விழும் தூரம்.
மூன்றாம் மாடிக்கு ஏறும் படிகளில் ஒன்று ஆடும்;
எது என்று மின்சாரம் போன இரவிலும்
என் பாதத்துக்குத் தெரியும்.

காலில் சக்கரத்தோடு பிறந்தவன் என் மகன் தெமூர்.
கிதான்ஸ்கிலிருந்து பயணச்சீட்டை அனுப்பிவிட்டுப்
பிறகுதான் கேட்டான், வருவாய்தானே என்று.
பணம் திரும்பக் கிடைக்காத ரகம்.
விசாரித்துவிட்டேன்.

பதினொரு நாள்.
முதல் நாள் தலையணையோடு சண்டை.
மறுநாள் தண்ணீரோடு.
மூன்றாம் நாள், எல்லோரும் பார்க்கச் சொன்ன
செங்கல் தேவாலயத்தில்
கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்று
வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தேன்.
உலகம் அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.
அஞ்சலட்டையிலும் அது அவ்வளவு அழகாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள், தெமூர் வேலைக்குப் போனபின்
தனியே டிராம் ஏறி
இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.
கடைசி நிறுத்தம். ஓட்டுகிற பெண்
எழுந்து வந்து ஏதோ கேட்டாள்.
முழங்கால் வலிக்கிறது என்றேன், என் மொழியில்.
அவள் தலையாட்டினாள்.
உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் பாதியைத் தந்தாள்.
டிராம் திரும்பக் கிளம்ப ஒன்பது நிமிடம் இருந்தது.
மழையைப் பார்த்தபடி தின்றோம்.
கணவனை இழந்தவள், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள்,
கூப்பிட்டால் எங்கும் வராத எத்தேரி:
அந்தப் பெட்டியில் அவளை யாருக்கும் தெரியாது.
ஒன்பது நிமிடம்
எனக்கும்தான்.

இதைத் தெமூரிடம் சொல்லவில்லை.
இன்று எப்படிப் போயிற்று என்றான்.
குளிர் என்றேன்.

ஊர் திரும்பி மாடி ஏறினால்
ஆடும் படியில் கால் வைத்துத் தடுமாறினேன்.
பதினொரு நாளில் மறந்திருக்கிறது பாதம்.

செடிக்கு ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்திருந்த
எதிர்வீட்டு லமாரா
சுவரோரம் கிடந்த என் நாற்காலியை
ஜன்னலுக்கு நகர்த்தியிருந்தாள்.
மெத்தையில் அவள் உட்கார்ந்த குழிவு.
மேஜையில் வால்நட் ஓடுகள்.
நான் இல்லாமல் வாடிக் கிடக்கும் என்று நினைத்த வீடு
விருந்தாளியோடு சௌக்கியமாகத்தான் இருந்திருக்கிறது.

கோபத்தில் பெட்டியைத் திறக்காமல் அதிலேயே உட்கார்ந்தேன்.
அங்கிருந்து, முப்பத்திரண்டு வருடமாக
நான் பார்த்திராத ஒரு கூரை தெரிந்தது.
அதன்மேல் நின்று ஒருவன் பல் துலக்கினான்.
கடைவாயை விட்டுவிட்டான்.

போனதில் லாபமா என்று கேட்கிறார்கள்.
மகனுடைய எண்ணூறு லாரி, என் இடக்கைக் கையுறை,
இன்னும் சரியாகாத முழங்கால்.
வரவில் பாதி ஆரஞ்சு.
எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்.
கிளம்புவது எனக்குப் பிடிக்காது, இனியும் பிடிக்காது.

நாற்காலியை மட்டும் பழைய இடத்தில் போடவில்லை.
சாவியை லமாராவிடம் கேட்டு வாங்க வேண்டும்.
கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றே
நான்கு மாதம் போய்விட்டது.