மிஞ்சிய பாதி

ரேவன்பெக் கிராமத்துக் கோயிலுக்குக்
கிழக்குப் பக்கம் கிடையாது.
பீடத்துக்குப் பின்னால் அவசரமாய் எழுப்பிய முரட்டுச் சுவர்,
சுவருக்குப் பின்னால் புல், மாடுகள்,
முட்டளவு உயரத்தில் தூண்களின் அடிக்கட்டைகள்.

அங்கேதான் வெள்ளைக் கம்பளி உடுத்திய துறவிகள்
நடுநிசி தாண்டி எழுந்து
லத்தீனில் சங்கீதம் பாடினார்கள்.
இந்தப் பக்கம், கல் தடுப்புக்கு மேற்கே,
ஆடு மேய்த்த சகோதரர்கள் நின்றார்கள்.
எழுத்தறியாதவர்கள்.
புத்தகம் தொடக்கூடாது என்று விதி.
பாட்டு மட்டும் தடுப்பைத் தாண்டி வரும்;
பதிலுக்கு இவர்களின் ஈர ஆட்டுவாடை
அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டில்
அரசனின் ஆட்கள் தராசோடு வந்தார்கள்.
மணிகளை எடை போட்டார்கள்.
பாடகர் இருக்கைகளை உடைத்து விறகாக்கிக்
கூரை ஈயத்தை உருக்கினார்கள்.
இருநூறு வருடம் காய்ந்த ஓக் மரம்,
நன்றாகவே எரிந்திருக்கும்.

ஊர் ஒரு விண்ணப்பம் எழுதுவித்தது:
வாசல் சிற்றாலயம் இடிந்துவிட்டது,
பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இடமில்லை,
எல்லைக் கொள்ளையர் வந்தால்
ஒளிந்துகொள்ள வேறு கல்சுவர் இல்லை.
கீழே பெயர்கள் இல்லை.
முப்பத்தொரு சிலுவைக் கீறல்கள்.
மேற்குப் பாதியைக் கொடுத்தார்கள்,
படிக்கத் தெரியாதவர்களின் பாதியை.

துறவி ரோலண்ட் திரெல்கெல்ட்
ஊர்ப் பாதிரியாகத் தங்கிவிட்டார்.
போக்கிடம் இல்லை என்பது என் ஊகம்.
பதிவேட்டின் முதல் வரி அவர் கையெழுத்து:
சிசிலி, டாட்ஹண்டரின் மகள்.
பெண் காலடி படாத தளத்தில்
அந்தக் குழந்தை வீறிட்டது.
அவருக்குத் தூக்கத் தெரியவில்லை.
‘ஆட்டுக்குட்டின்னு நெனச்சுக்குங்க சாமி’
என்றாளாம் மருத்துவச்சி.
பாவம்,
ஆட்டுக்குட்டியும் தூக்கியதில்லை அவர்.

பழைய பீடக்கல் எங்கே போனதென்று
நூறு வருடம் யாருக்கும் தெரியாது.
பிறகு ஒரு பண்ணைவீட்டில்,
சீஸ் அழுத்தும் கல்லைக் கழுவியபோது
ஐந்து சிலுவைகள் விரலில் தட்டின.
அதுவரை சந்தையில்
சிலுவைத் தடம் பதிந்த சீஸ் என்றால்
அரைக்காசு கூடுதல்.

இப்போது ஞாயிறுகளில் ஒன்பது பேர்,
ஒரு ஹீட்டர், ஒழுகலுக்கு இரண்டு வாளி.
மௌன ஜெபம் தொடங்கியதும்
சுவருக்கு அப்பால் ஒரு மாடு கத்தும்.
யாரும் தலை தூக்குவதில்லை.
அந்தப் பக்கமிருந்து குரல் வருவதும்
இந்தப் பக்கம் நின்று கேட்பதும்
இங்கே பழக்கம்தான்.