சிவப்பு விடுபட்டது

குரெஸ்ஸாரே அஞ்சலகத்துக்கு
வந்தவை பன்னிரண்டே தாள்கள்.
நடுவில் கலங்கரை விளக்கம், சுற்றிலும் கடல்,
ஓரத்தில் பொன்னெழுத்து.
ஆளுக்கு இரண்டுதான் என்று தாலினிலிருந்து உத்தரவு.

ஹெல்டுர் இடுக்கியோடு வந்தார்.
என் விரல்களை நம்பாமல் தானே எடுத்தார்.
துளைப் பற்களை அளவுகோலில் வைத்து எண்ணினார்,
வெளிச்சத்தில் தூக்கி நீர்க்குறி தேடினார்,
புரட்டிப் பசையை முகர்ந்தார்.
ஒரு குறையும் இல்லையே என்று
குறைபட்டுக்கொண்டு போனார்.

கடைசித் தாள் மாரிகாவுக்கு.
ஆடு வளர்ப்பவள். கையுறையைக் கழற்றாமலே
நடுவிலிருந்த தலையைக் கிழித்து,
நாக்கால் நனைத்து, உறையில் அப்பி,
மிச்சத்தைக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.
விளக்கின் உச்சியில் சிவப்பைக் காணோம்.
பகல் நேரத்துப் படம் போலும் என்று
ஓங்கி முத்திரை குத்தினேன்.

உறை ஹெல்டுருக்கு.

மூன்று நாள் அவர் அதைப் பிரிக்கவில்லை.
உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து
என் மையைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.
நான்காம் நாள் அடிவிளிம்பைச்
சவர பிளேடால் கீறி
கடிதத்தை உருவினார்.

'செவ்வாய் மாலை படகுத்துறையில் இருப்பேன்.
வராவிட்டால் இனிக் கேட்க மாட்டேன்.'

அன்று வெள்ளி.

ஏலக்காரர்கள் இப்போதும் அழைக்கிறார்களாம்,
தொலைபேசியை அவர் எடுப்பதில்லை.
நேற்று என் கவுன்ட்டரில் வந்து நின்றார்.
அந்தக் குப்பைக்கூடையை எப்போது கொட்டினீர்கள்?
கொட்டி ஒரு வாரம் ஆயிற்று என்றேன்.
தலையாட்டினார். போகவில்லை.

செவ்வாயன்று அவள்
எவ்வளவு நேரம் நின்றாள்?

என் ஜன்னலிலிருந்து துறை தெரியும்.
அது அவருக்கும் தெரியும்.