கப்பல் இறங்கிய வியாழன்

புந்தா அரேனாஸில் மின்விசிறி வாங்கியவள்
நான் ஒருத்திதான்.
"எதற்கு?" என்றார் கடைக்காரர் வுகாசோவிச்,
கோடையிலும் கம்பளிக் கையுறை கழற்றாதவர்.
விண்கலம் ஓட்ட, என்றேன்.
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணித் தந்தார்.

இறக்கையில் உரசும்படி ஒரு எக்ஸ்ரே துண்டு,
என் அண்ணன் பெதாரின் முறிந்த விலா.
அவ்வளவுதான் எங்கள் 'கைக்கேன்'.
(இங்கே புல்வெளியில் மேயும் காட்டுவாத்துக்கு அந்தப் பெயர்.)
நான்கு வருடம், இருநூற்றுப் பதினோரு வியாழன்,
அந்த விலா எலும்பு முனகிக்கொண்டே
ஐந்து பேரைச் சுமந்து போயிற்று
வானொலி நிலையத்தின் இரண்டாம் அறையிலிருந்து
சனிக்கோளுக்கும் அப்பால்.

பனிக்கோளில் அவர்கள் நடந்த காலடி: சோளமாவுப் பை.
எந்திரன் உலீசெஸின் முழங்கால்: சாவி போட்ட பால்குவளை.
ஒளியை உண்ணும் மிருகத்தின் தொண்டை:
சொல்ல மாட்டேன். என் சமையலறையில் அது இன்னும் பயன்படுகிறது.
கேப்டன், எலெயுத்தேரியோ பார்ரியா.
பகலில் இறைச்சிக் கிடங்கில் ஆட்டுத்தொடை எண்ணுவார்.
குளிரறையில் தடித்த குரல் அது.
மேடையில் நின்றால் யாரும் நம்பமாட்டார்கள்,
மைக்கின் முன் எல்லோரும் கீழ்ப்படிவார்கள்.

கடைசி வியாழனன்று
எழுத்தாளர் ஓயார்சூன் சிவந்த கண்ணோடு வந்தார்.
"கேப்டனைக் கொன்றுவிட்டேன்."
பார்ரியா நின்றபடியே படித்தார்.
தொப்பியை மேசைமேல் வைத்தார்.
"கிடங்கில் நானூறு பேர் வேலை செய்கிறோம்.
நாளைக் காலை ஆறு மணிக்கு
நான் அங்கே போயாக வேண்டும், ஓயார்சூன்."

ஒலிபரப்புக்குப் பதினைந்து நிமிடம்.
கிழிந்த தாள்களுக்குப் பதிலாக
ஒரே ஒரு வரி வந்தது என் கைக்கு:
இறங்குகிறார்கள். அடைப்புக்குறிக்குள், சத்தம்.

என்ன சத்தம்?
சரளைத் தட்டு இருந்தது. தகரத் தகடு இருந்தது.
காலி எண்ணெய்ப் பீப்பாயைப் படியில் உருட்டலாம்.
ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன்.
எதுவும் வீடுபோல ஒலிக்கவில்லை.

நேரம் வந்தபோது
விசிறியின் பொத்தானை அணைத்தேன்.

விலா எலும்பு தடதடத்தது,
பிறகு தட், தட்,
பிறகு நெடுநேரம் கழித்து, இல்லையென்று நினைத்தபோது,
ஒரு தட்.

நான்கு வருடத்தில் முதல்முறை அமைதி.
கண்ணாடிக்குப் பின்னால் லைன் போய்விட்டதென்று
துள்ளி எழுந்தான் ஓமர்.
கையை உயர்த்தி அவனை உட்கார வைத்தேன்.
பார்ரியாவிடம் தாளே இல்லை.
மைக்கை நெருங்கி, ஆடு எண்ணும் அதே குரலில் சொன்னார்:
"யாராவது கதவைத் திறங்கப்பா."

ஜன்னலைத் திறந்தேன்.
அக்டோபர் காற்று, நீரிணையைத் தாண்டி,
எப்போதும்போல் கேட்காமல் உள்ளே வந்தது.
தாள்கள் பறந்தன. தூரத்தில் ஒரு படகு மணி,
யார் வீட்டு நாயோ.
அப்படியே விட்டேன், நிகழ்ச்சி நேரம் முடியும்வரை.
ஓயார்சூன் சுவரோடு சாய்ந்து
மூக்கைச் சிந்தியதும் அலைவரிசையில் போயிருக்கும்.

ஒன்பது நாள் கழித்து ஒரு கடிதம்,
சான் கிரெகோரியோ பக்கம் ஏதோ ஒரு மேய்ச்சல் குடிசையிலிருந்து.
ஏழு மேய்ப்பர்கள். ஒரே பாட்டரி.
மூன்று வாரம் வேறெதுவும் கேட்காமல்,
குளிரில் செத்துவிடாதிருக்க
முறைவைத்துப் போர்வைக்குள் அதைப் படுக்கவைத்தார்களாம்.
பென்சில் எழுத்து, ஆட்டுக்கொழுப்பு வாசம்:

"அம்மணி,
பெட்டிக்குள் வீசிய காற்றும் வெளியே வீசிய காற்றும் ஒன்றாக இருந்தது.
பெட்டியை அணைத்தோம். காற்று அணையவில்லை.
ரொசெண்டோ விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.
ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றிருந்தன.
வேறொன்றும் தெரியவில்லை,
ஆனாலும் அடுப்பில் பெரிய கெட்டிலை வைத்தோம்,
இன்னும் ஐந்து பேருக்குத் தண்ணீர் போதும்படி."