அச்சடிக்காத கட்டம்

இரண்டாயிரத்து இரண்டில் என்னிடம் கொடுத்த பதிவேட்டில்
பெயர், வயது, உயரம், எடை,
சொத்தைப்பல், சிரங்கு, மாலைக்கண்,
கடைசியில் எடைக் குறைவு.
அவ்வளவுதான் அச்சடித்திருந்தார்கள்.
மற்றதற்கெல்லாம் ‘குறிப்பு’ என்று
சுண்டுவிரல் அகலம்.

அப்போது பொங்கலூர்ப் பக்கம் பள்ளி பள்ளியாய்ப் போய்
எடைக் குறைவுக்கு டிக் அடித்தே பேனா தீரும்.
நாலாம் வகுப்பில் பதினேழு கிலோ. பதினாறரை.
ஊக்கு கழன்ற பாவாடையை ஒரு கையில் பிடித்தபடி
ஒருத்தி ஏறி நிற்பாள்,
முள் சோம்பல் முறித்துக்கொஞ்சம் நகரும்.

முதல் குண்டுப் பையன் வந்தது எந்த வருஷமோ.
அரிசி மில்காரர் மகன்.
டீச்சர்கள் முறை வைத்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள்.
குறிப்புக் கட்டத்தில் ‘நலம்’ என்று எழுதினேன்.
மறு வருஷமும் நலம்.
அப்புறம் ஒரு வகுப்புக்கு இரண்டு நலம்,
நாலு நலம்,
நலம் நலம் என்றெழுதிக் கை கடுத்த ஒரு மத்தியானம்
அடிக்குச்சியை வைத்துச் சிவப்பு மையில்
நானே ஒரு கோடு கிழித்துக்கொண்டேன்.

நடுவில் என்ன நடந்தது என்கிறீர்களா?
சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லைங்க.
பஸ் நிறுத்தத்துக்கு ஒரு பேக்கரி வந்தது.
அம்மாவுக்குத் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட்;
டிவி ரிமோட்டுக்கு அடியில் இருபது ரூபாய் இருக்கும்.
சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான்,
மேலே உடைத்துப் போட்ட கார்ன்பிளேக்ஸ்.
கபடி போட்ட இடத்தில் வேன் நிற்கிறது.
நோய்க்காலத்து இரண்டு வருஷம்
கட்டிலும் செல்போனும்தான் பள்ளிக்கூடம்.

இன்றைக்கு ஆறாம் வகுப்பு. நாற்பத்தொரு பேர்.
சிவப்புக் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்பது.
தரணீஷ் வரிசையின் கடைசிக்குக் கடைசியாக
எல்லோரையும் முன்னே விட்டுக்கொண்டு நின்றான்.
பெல்ட்டைக் கழற்றினான்,
ஷூவை, பிறகு சாக்ஸை,
சட்டைப்பையிலிருந்த காம்பஸ் பெட்டியை.
மூச்சை உள்ளே இழுத்து ஏறினான்.
‘பிராய்லர்’ என்றது ஒரு குரல்.
சிரிப்பு ஜன்னல்வரை போய்த் திரும்பியது.

‘காலைல சாப்புடலைங்க சிஸ்டர்,
அதையும் எழுதிக்குவீங்களா?’

அவன் அப்பாவுக்குக் கோழிப்பண்ணைதான்.
எத்தனையாம் நாள் எத்தனை கிராம் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.
போன தடவை நோட்டீஸ் கொடுத்தபோது
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:
‘நானெல்லாம் நோஞ்சானுங்க.
காத்தடிச்சாப் பறந்துருவேன்னு கூப்புட்டுச் சிரிப்பாங்க.
என்ற பையனை ஆரும் அப்படிச் சொல்லக்கூடாதுன்னு தானுங்க…’
வாக்கியத்தை முடிக்காமல்
பைக்கை உதைத்தார்.

அதே வகுப்பில் சாந்தினி நாயக்,
நூல்மில் குவார்ட்டர்ஸ்,
தமிழில் நூறு வரை எண்ணுவாள்.
பழைய கட்டத்தில் டிக் அடித்தேன்.
அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை,
நான் பார்ப்பதைத்தான் குறைத்திருந்தேன்.
இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.
அவள் சத்துணவு முட்டையில்
மஞ்சள் கரு அவனுக்கு,
அவன் பப்ஸில் பாதி அவளுக்கு.
இதற்குக் கட்டம் இல்லை.

மூன்றரைக்கு முடிந்தது.
டிரைவருக்கு முதுகு பிடித்திருந்தது.
எடை மிஷினை மாடிப்படி இறக்க
மூன்று பையன்கள் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டார்கள்.
தரணீஷ் வந்தான்.
நெல் மூட்டை மாதிரி தோளில் ஏற்றிக்கொண்டு
படி படியாக இறங்கினான்.
கைதட்ட யாரும் இல்லை, மணி அடித்துவிட்டது.
வேனுக்குள் வைத்துவிட்டுக்
கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

‘இது எத்தனை கிலோங்க சிஸ்டர்?’

இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே கொண்டு திரிகிறேன்.
தெரியாது என்றேன்.
அவனுக்கு என்னவோ அது ரொம்பப் பிடித்துவிட்டது.
வேன் திரும்பும்வரை
சிரித்துக்கொண்டே நின்றான்,
பெல்ட் போட மறந்து.